வலது கை 13, இடது கை 11½

கல்யாண வீடு, காதுகுத்து, எங்க போனாலும் யாராவது ஒருத்தர் கையப் புடிச்சுக்கிட்டு "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, இனிமே என்ன"ன்னு கேப்பாங்க. நல்ல மனசோடதான் கேக்குறாங்க, எனக்குத் தெரியாம இல்ல, ஆனா பாருங்க, எப்பவும் அந்த வலது கையத்தான் புடிப்பாங்க. நான் சிரிச்சுக்கிட்டே மெதுவா உருவிக்குவேன்.

முடிஞ்சது என்னென்னன்னா, மார்புப் புத்துநோய்க்கு 2021 மார்ச்ல ஆபரேஷன், வலது மார்பு முழுசா எடுத்துட்டாங்க, கூடவே அக்குள்ல 17 நெறிக்கட்டி. ஏப்ரல்ல கீமோ ஆரம்பிச்சுது, மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு செவப்பு மருந்து 4 தடவ (அது ஏத்துன அன்னிக்கு ஒண்ணுக்கே செவப்பாத்தான் போகும், மொத தடவ பாத்துட்டு ரத்தம்னு நெனச்சு பாத்ரூம்லயே கத்திட்டேன்), அப்புறம் வாரா வாரம் டாக்ஸால்ங்கிற மருந்து 12 தடவ. நவம்பர்ல ரேடியேஷன் 15 நாள். நடுவுல கொரோனா ரெண்டாவது அலை, லாக்டவுன், கடை எப்படியும் மூடித்தான் கெடந்துது. கடைசி ரேடியேஷன் அன்னிக்கு வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல்ல இருந்த ஆட்டோக்காரர் வரைக்கும் லட்டு குடுத்தாரு. நானும் முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

நான் யாருன்னு சொல்லல பாருங்க. திருச்சி உறையூர்ல வீட்டுத் திண்ணைய மறிச்சு லேடீஸ் தையல் கடை வச்சிருக்கேன், 22 வருஷமாச்சு. ஒரு பொம்பள கேட்டத் தெறந்துட்டு உள்ள வர்றப்பவே கை சுத்தளவு பதினொன்னா பன்னெண்டான்னு சொல்லிடுவேன், டேப் எல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். அப்பேர்ப்பட்டவ என் சொந்தக் கை வீங்குறத எப்படி விட்டேன்னு கேளுங்க.

2022 தீபாவளி சீசன். என் ப்ளவுஸ் வலது கை மட்டும் புடிக்குது. துணி சுருங்கிருச்சுன்னு நெனச்சு உள்தையலப் பிரிச்சு அர இன்ச் விட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி புடிச்சுது, மறுபடி பிரிச்சேன். நாந்தான் எல்லாருக்கும் உள்ள ஒரு இன்ச் துணி விட்டுத் தைக்கிறவளாச்சே, அதனால பிரிக்கப் பிரிக்க வந்துக்கிட்டே இருந்துது. மூணாவது தடவ பிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்குத்தான் டேப்ப எடுத்து என் கைய அளந்தேன். முழங்கைக்கு மேல வலது 13, இடது 11½. எப்பவும் கை கனமா இருந்துச்சு, சாயங்காலம் ஆனா மோதிரம் கழட்ட வராது, அதெல்லாம் வேலை ஜாஸ்தின்னு நெனச்சுட்டேன்.

பிசியோதெரபி பொண்ணு சென்டிமீட்டர்ல அளக்கும். மணிக்கட்டுலருந்து மேல மேல மார்க் பண்ணி ரெண்டு கையையும் ஒரே எடத்துல பாக்கணுமாம், பொதுவா 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே வீக்கம்னு கணக்குல எடுத்துக்குவாங்களாம். எனக்கு கிட்டத்தட்ட நாலு. "ஏம்மா, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்புறப்ப இதப் பத்தி யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டுச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல 'கைப் பயிற்சி செய்யவும்'னு ஒரே ஒரு வரி இருந்துது, அவ்ளோதான். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல, உயிரக் காப்பாத்துன எடம், அந்த நன்றி இருக்கு. ஆனா வருத்தமும் இருக்கு. அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு, இந்தக் கை வீங்கலாம், எப்பவேணா வீங்கலாம், ஆரம்பத்துல கண்டுபுடிச்சா நல்லதுன்னு சொல்லிருந்தா நான் மாசக்கணக்கா தையலப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

ஏன் வீங்குதுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்கு எங்க பாட்டி ஞாபகம்தான் வந்துது. அவங்க கும்பகோணம் பக்கம், ஒரு கால் யானைக்கால். அங்க கொசுவால வந்த புழு, நெணநீர் ஓடுற குழாய அடச்சுது, எனக்கு அந்தத் தண்ணி போய்ச் சேர்ற நெறிக்கட்டியவே எடுத்தாச்சு, மிச்சத்த ரேடியேஷன் இறுக்கிருச்சு. காரணம் வேற, வந்து சேர்ந்த எடம் ஒண்ணு. வடிகால் இல்லாத தெருவுல மழத்தண்ணி நிக்கிற மாதிரி கையில தண்ணி நிக்குது. பாட்டி ராத்திரியில காலத் தூக்கித் தலகாணி மேல வச்சுக்குவாங்க, நான் கையத் தூக்கி வச்சுக்கிறேன். இது முழுசா சரியாகுமான்னு கேட்டேன். "சரியாகாதும்மா, ஆனா அடக்கி வச்சுக்கலாம், சுகர் மாதிரின்னு நெனச்சுக்குங்க"ன்னு சொல்லிச்சு. பொய் சொல்லாம சொன்னதுக்கே அந்தப் பொண்ண எனக்குப் புடிச்சுப் போச்சு.

நீர் மாத்திரை கேட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க, இந்த வீக்கத்துக்கு அது வேலை செய்யாது. எதிர்வீட்டு அக்கா வெளக்கெண்ணெ போட்டு அழுத்தித் தேய்ச்சு விடுறேன்னு வந்தாங்க, அதுவும் தப்பு. இதுக்குன்னு ஒரு தடவுற முறை இருக்கு. மொதல்ல கழுத்துக்கிட்ட, அப்புறம் நல்ல பக்கத்து அக்குள், அங்கெல்லாம் வழிய தெறந்துவிட்டுட்டு கடைசியிலதான் வீங்குன கைக்கு வரணும். அழுத்தமே கூடாது. பால் மேல படிஞ்ச ஆடை கிழியாம வெரலால நகத்துற மாதிரி, தோல் மட்டும்தான் நகரணும். கத்துக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு, ஏன்னா 22 வருஷமா இந்தக் கைக்குத் தெரிஞ்சது எல்லாம் இழுக்கிறதும் அழுத்துறதும்தான்.

அப்புறம் அந்த ஸ்லீவ். கம்ப்ரெஷன் ஸ்லீவ்னு கை முழுக்க இறுக்கமா மாட்டுற ஒறை. மொதல்ல ஒரு கடையில வாங்குனேன், அந்தாளு என்னைப் பாத்துட்டு "மீடியம் போதும்மா"ன்னு எடுத்துக் குடுத்துட்டாரு. டேப்பே எடுக்கல! கண்ணாலயே கை சுத்தளவு சொல்ற திமிரு எனக்கும் உண்டுதான், இருந்தாலும் நான் துணியில கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி டேப் புடிச்சுப் பாத்துருவேன். வீட்டுக்கு வந்து போட்டா மேல் பக்கம் கயிறு கட்டுன மாதிரி இறுக்குது, தண்ணி பூரா கீழ எறங்கி வெரல் அஞ்சும் வெண்டக்கா மாதிரி ஆயிருச்சு. அதத் தூக்கிப் போட்டுட்டு, மொதல்ல கட்டு கட்டி வீக்கத்தக் கொறச்சு, அப்புறம் நாலு எடத்துல அளவெடுத்து சரியான ஒண்ணு வாங்குனேன். எல்லாம் கைக்காசு. ரெண்டு வேணும், ஒண்ணத் தொவச்சுப் போட்டா ஒண்ணு. ஆறு மாசத்துல எலாஸ்டிக் தளந்துரும், மறுபடி செலவு. தோல் கலர்னு அட்டையில போட்டிருக்கு, எந்த ஊர்க்காரங்க தோலோ. திருச்சி மே மாச வெயில்ல அதப் போட்டுக்கிட்டு மிஷின்ல உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும். ஆனாலும் காலையில பல் வெளக்குன கையோட மாட்டிருவேன், ராத்திரி படுக்கப் போறப்பதான் கழட்டுறது. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு இழுத்தா ஈசியா ஏறும், இது எனக்கு நானே கண்டுபுடிச்சதுன்னு நெனச்சேன், கேட்டா எல்லாரும் அதான் பண்றாங்களாம்.

வெயிட் தூக்கவே கூடாதுன்னு எல்லாரும் பயமுறுத்தி வச்சிருந்தாங்க, கொடத்த எடுத்தாக்கூட என் பொண்ணு ஓடி வரும். பிசியோ பொண்ணு அர கிலோ டம்பிள்ஸ கையில குடுத்தப்ப நான் பயந்தே போயிட்டேன். அப்பதான் சொல்லுச்சு, அமெரிக்காவுல கை வீங்குன 141 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி, 2009ல வந்துது, வாரம் ரெண்டு தடவ மெதுமெதுவா வெயிட்ட ஏத்திப் பயிற்சி பண்ணவங்களுக்கு வீக்கம் அதிகமாகல, கை திடீர்னு மோசமாகுறதும் கொறஞ்சுதான் இருந்துதாம். பக்கத்துல ஆள் நின்னு சொல்லிக் குடுக்க, ஸ்லீவ் போட்டுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா. நான் இப்ப ரெண்டு கிலோ வரைக்கும் வந்துட்டேன். வீட்டுக்காரர் என்னைப் பயில்வான்னு கூப்புடுறாரு.

வீக்கத்த விட எனக்குப் பெரிய அடி மரத்துப் போறதுதான். டாக்ஸால் பாதியிலயே வெரல் நுனி எல்லாம் மரத்துப் போச்சு, கால்லயும்தான். ஊசியில நூல் கோக்குறது, கொக்கி கட்டுறது, ஃபால்ஸ் ஹெம்மிங், இதெல்லாம் கண்ணு பாத்துச் செய்யிற வேலையே இல்ல, வெரல்தான் பாக்கும். 2023 தையில ஒரு கஸ்டமரோட க்ரீம் கலர் பட்டு ப்ளவுஸ், கல்யாணத்துக்கு, கொக்கி கட்டிக்கிட்டு டிவியில ஏதோ பாத்துக்கிட்டிருக்கேன். குனிஞ்சு பாத்தா முன்பக்கப் பட்டியில சின்னச் சின்னதா செவப்புப் புள்ளி. எங்கருந்து வந்துதுன்னே புரியல. வெரலத் திருப்பிப் பாத்தா ஆள்காட்டி வெரல்ல மூணு எடத்துல ஊசி ஏறிருக்கு, ஒண்ணு நல்லா ஆழமா. ஒண்ணுமே தெரியல எனக்கு. எறும்பு கடிச்ச அளவு கூட தெரியல.

தையக்காரங்களுக்குத் தெரியும், துணியில சொந்த ரத்தம் பட்டா சொந்த எச்சிய வச்சுத் தொடச்சா போயிரும். தொடச்சேன், போயிருச்சு, ப்ளவுஸக் குடுத்துட்டேன். மூணாம் நாள் ராத்திரி குளிர் ஜொரம், ரெண்டு போர்வை போத்தியும் பல்லு கிட்டுது, காலையில பாத்தா கை முழங்கை வரைக்கும் செவந்து, தொட்டா அடுப்புச் செவுரு மாதிரி கொதிக்குது. நெணநீர் தேங்குன கையில கிருமி பூந்துட்டா தீ மாதிரி பரவுமாம், செல்லுலைட்டிஸ்னாங்க. மூணு நாள் ஆஸ்பத்திரியில படுத்து நரம்புல மருந்து ஏத்துனாங்க. ஒவ்வொரு தடவ இப்படி வர்றப்பவும் மிச்சமிருக்கிற குழாயும் கெட்டு வீக்கம் இன்னும் கூடுமாம். அதனால இந்த மாதிரி கை இருக்கிறவங்க யாராவது படிச்சா, ஜொரத்தோட கை செவந்தா காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, அன்னிக்கே போங்க.

அதுக்கப்புறம் கொக்கி, ஹெம்மிங் எல்லாம் தெருக்கோடியில ஒரு பொண்ணுக்கிட்ட குடுத்துட்டேன், ப்ளவுஸுக்கு இவ்ளோன்னு. எனக்கு வர்றதுல அது போயிரும். குடுத்த மொத நாள் ராத்திரி அழுதேன், காசுக்காக இல்ல. நான் கட்டுற கொக்கி பிய்யவே பிய்யாதுன்னு ஒரு பேரு இருந்துது, அதுக்காக.

மாத்திரை எதுவும் இல்லையான்னு கேட்டா, எரிச்சலும் வலியும் இருந்தா டாக்டர் பாத்து ஒண்ணு குடுப்பாங்க, அது வலிக்குத்தான், மரத்துப் போனதத் திருப்பிக் கொண்டு வராது. எங்க நாத்தனார் வீட்டுக்காரர் நரம்புக்கு நல்லதுன்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்தாரு, அசெட்டில் கார்னிட்டின்னு போட்டிருந்துது. நல்லவேளை டாக்டர்கிட்ட காட்டுனேன். டாக்ஸால் மாதிரி மருந்து ஏத்துறப்ப மரத்துப் போகாம இருக்கட்டும்னு அதக் குடுத்து ஒரு ஆய்வு பண்ணிருக்காங்க, 2013ல வந்துது, சாப்ட்டவங்களுக்குத்தான் மரத்துப் போறது அதிகமாச்சாம். டப்பாவ அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன், அவருக்குக் கோவம். அவரேதான் "கெமிக்கல ஏத்திக்கிட்டா இப்படித்தான், மூலிகைன்னா பக்கவிளைவே கெடையாது"ன்னும் சொன்னவரு. டாக்ஸாலே யூங்கிற ஒரு மரத்தோட பட்டையிலருந்து கண்டுபுடிச்சதுதான்னு சொன்னேன். அதோட அந்தப் பேச்சு நின்னுது.

கால் கதை வேற. செருப்பு கழண்டு போனதே தெரியாம சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல ஒத்தச் செருப்போட நடந்திருக்கேன், ஒரு பூக்காரம்மா பின்னாடியே கூப்புட்டுக்கிட்டு வந்துச்சு. மிஷின் பெடல்ல கால் எவ்ளோ அழுத்துறேன்னு தெரியாது, திடீர்னு குதிர மாதிரி ஓடும். இப்ப செருப்பக் கழட்டிட்டு பெடல் மேல ரப்பர் மேட்டு ஒண்ணு ஒட்டி வச்சிருக்கேன், சொரசொரன்னு இருக்கிறதால கொஞ்சம் புடிபடுது. அதே 2023ல, கை ஜொரம் எல்லாம் அடங்குன பிறகு, சமயபுரத்துக்கு வேண்டுதல்னு வெறுங்கால்ல நடந்தேன். எல்லாரும் தார் ரோட்டுச் சூட்டுல துள்ளித் துள்ளிப் போறாங்க, நான் மட்டும் ஜம்முன்னு போறேன், எனக்கே பெருமையா இருந்துது, அம்மா தாங்குறான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து கால் கழுவுறப்ப உள்ளங்கால்ல ரூபா அளவு ரெண்டு கொப்புளம் ஒடஞ்சு தோல் தொங்குது. ஆற ஒன்றர மாசம். இப்ப செருப்போடதான் போறேன், வாசல்ல கழட்டுறேன், வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுறேன். மாமியாருக்கு மனசு ஒப்பல. "மாசிக் கடைசியிலருந்து நமக்காக அவளே 28 நாள் பச்சைப் பட்டினி கெடக்குறா அத்த, என் காலு புண்ணாகணும்னா நெனப்பா"ன்னு கேட்டேன். அவங்க பதில் சொல்லல, ஆனா போன தடவ கெளம்புறப்ப என் செருப்ப எடுத்து வாசல்ல வச்சது அவங்கதான்.

மண்டை மந்தமானதப் பத்தியும் சொல்லணும், கீமோ மூளைன்னு சொல்றாங்க. கேட்டா சிரிப்பீங்க, ஒரே ப்ளவுஸுக்கு ரெண்டும் இடது கையா வெட்டி வச்சேன். துணி வேற பத்தாது. கஸ்டமர்கிட்ட போய் நின்னு நான் புதுத்துணி வாங்கித் தர்றேன்னு சொல்றதுக்குள்ள உசுரு போச்சு. இப்ப வெட்டுறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல வ, இ ன்னு எழுதிக்கிறேன், அளவு எல்லாம் நோட்டுல, ஒரு நேரத்துல ஒரு துணிதான் டேபிள் மேல. மொத ரெண்டு வருஷத்துக்கு இப்ப எவ்வளவோ தேவல.

புத்துநோய் திரும்பி வராம இருக்கப் போடுற ஹார்மோன் மாத்திரைய மறந்துட்டேன் பாத்தீங்களா. மொதல்ல டமாக்சிஃபன், தீட்டு முழுசா நின்னுடுச்சுன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு இப்ப லெட்ரோசோல். அதோட பக்கவிளைவு, காலையில எந்திரிச்சா கையே மூடாது, சுடுதண்ணியில அஞ்சு நிமிஷம் வச்சாத்தான் கத்திரிக்கோல் புடிக்க வரும். வலிக்குதுன்னு படுத்திருந்தா அன்னிக்கு பூரா வலிக்கும், அரமணி நேரம் தெப்பக்கொளம் வரைக்கும் நடந்துட்டு வந்தா கொறையும், இத நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். எலும்பு தேயுதான்னு டெக்சா ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க, கால்சியம் போகுது. ராத்திரி ரெண்டு மணிக்கு உள்ளருந்து யாரோ அடுப்பு பத்த வச்ச மாதிரி வேர்த்துக் கொட்டும், ஃபேனை அஞ்சுல வச்சா வீட்டுக்காரர் போர்வை தேடுவாரு. கீழ வறட்சி, எரிச்சல், தாம்பத்தியம்னாலே பயம், இதையும் எழுதித்தான் ஆகணும், ஏன்னா யாரும் பேசறதில்ல. லேடி டாக்டர்கிட்ட கேக்க எனக்கு ஒன்றர வருஷம் ஆச்சு. அவங்க சாதாரணமா, ஹார்மோன் இல்லாத க்ரீமும் ஜெல்லும் இருக்கு, மொதல்ல அதப் பாப்போம், ஹார்மோன் க்ரீம நீங்களா வாங்கிப் போடாதீங்கன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டாங்க. கேக்காம விட்டது நாந்தான்.

உள்ள வைக்கிற பேட் நானே தைச்சுக்குறேன். சிலிகான் வாங்க அப்ப வசதியில்ல. வெறும் பஞ்சு வச்சா கனம் இல்லாம மேல மேல ஏறிக்கிட்டே வருது, ஒரு பக்கம் கழுத்துக்கிட்ட நிக்கும். கனத்துக்கு ராகியப் போட்டுத் தைச்சேன், மூணு மாசத்துல வண்டு வந்துருச்சு! கோயில் க்யூவுல நிக்கிறப்ப ப்ளவுஸ்லருந்து ஒரு வண்டு ஊந்து வருது, நான் சிரிக்கிறதா அழுறதா. இப்ப பாசிமணி போட்டு, மெல்லிசு காட்டன்ல ரெண்டு மடிப்பு, ப்ளவுஸ் லைனிங்லயே ஒரு பை வச்சு அதுக்குள்ள சொருகிக்கிறேன். இந்தப் பை வச்ச ப்ளவுஸ் இதுவரைக்கும் ஆறு பேருக்குத் தைச்சுக் குடுத்திருக்கேன், எல்லாரும் இருட்டுன பிறகுதான் வந்து வாங்கிட்டுப் போவாங்க.

போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு, நாப்பது வயசு இருக்கும். நாலு ப்ளவுஸ் பிட்டு. கடையில வாங்குனது எதுவும் சரியா இல்லக்கா, ஒரு கை மட்டும் புடிக்குதுன்னுச்சு. இடது கைய அளந்தேன், 12¾. வலது கைக்கு டேப்பக் கொண்டு போறப்ப "அது வேணாம்க்கா, ஒரே அளவுதானே எல்லாருக்கும்"னு சொல்லிக்கிட்டே கையப் பின்னாடி இழுத்துக்கிச்சு. நான் ஒண்ணும் கேக்கல. என் வலது கை சேலத் தலப்புக்குள்ள இருந்துது, வெளிய எடுத்து, ஸ்லீவோட, டேபிள் மேல வச்சேன். அது கொஞ்ச நேரம் அதையே பாத்துச்சு. அப்புறம் "எவ்ளோ நாளாக்கா போட்டிருக்கீங்க?"

வலது கை 11¼. நோட்டுல இப்ப ரெண்டு கைக்கும் தனித்தனி கட்டம் போட்டிருக்கேன், யார் வந்தாலும். பில்லுக்குப் பின்னாடி பிசியோ பொண்ணு நம்பர எழுதிக் குடுத்தேன். ப்ளவுஸ் என்னிக்குக் கெடைக்கும்னு கேட்டுச்சு. மொதல்ல அங்க போயிட்டு வா, வீக்கம் வடிஞ்சா அளவு மாறும், அப்புறமா வெட்டுறேன்னு சொல்லி அனுப்பிருக்கேன். நாலு பிட்டும் இன்னும் அலமாரியிலதான் இருக்கு.